911-க்கு போன் அடித்தால் யார் வருவார்? வாக்குச்சீட்டில் முடிவான ஒரு கவுன்ட்டியின் கதை

2012 ஆகஸ்ட். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஜோசஃபின் கவுன்ட்டி. சனிக்கிழமை, பொழுது இன்னும் விடியவில்லை. வீட்டில் தனியாக இருந்த ஒரு பெண் 911-க்கு போன் செய்கிறார். ஏற்கெனவே தன்னை அடித்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தவன் திரும்ப வந்து, வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான் என்கிறார்.

ஷெரீஃப் அலுவலகத்தில் அந்த நேரத்தில் யாரும் பணியில் இல்லை. அழைப்பு மாநில போலீஸுக்கு மாற்றப்படுகிறது. அங்கேயும் அனுப்ப ஆள் இல்லை. எதிர்முனையில் இருந்த ஊழியர் போனை வைத்துவிடவில்லை, பத்து நிமிடத்துக்கும் மேல் பேசிக்கொண்டே இருந்தார். அவனைப் போய்விடச் சொல்லிப் பார்க்க முடியுமா என்றுகூடக் கேட்டார். அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை. உள்ளே புகுந்தவன் அந்தப் பெண்ணின் கழுத்தை நெரித்து, பாலியல் வன்முறை செய்தான். பிறகு மாநில போலீஸ் அவனைப் பிடித்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனான்.

இதற்கு மூன்று மாதம் முன்பு, மே மாதத்தில், அந்தக் கவுன்ட்டி மக்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. காவல் பணிக்காகக் கூடுதல் சொத்து வரி கட்டச் சம்மதமா? சொத்து மதிப்பில் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 1.99 டாலர். பெரும்பான்மை மக்கள் சொன்ன பதில், முடியாது.

அந்தப் பதிலுக்குப் பிறகு ஷெரீஃப் அலுவலகத்தில் ஆள் குறைப்பு நடந்தது. பெரிய குற்றங்களை விசாரிக்கும் பிரிவே இல்லாமல் போனது. ரோந்து, வார நாள்களில் பகல் வேலை நேரத்துக்குச் சுருங்கியது. சிறையில் ஆட்களை வைத்துக்கொள்ளக் காவலர்கள் போதாமல் கைதிகள் வெளியே விடப்பட்டார்கள். ஷெரீஃபே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருப்பவர்களைப் போல ஆபத்தில் இருப்பவர்கள், போதுமான போலீஸ் இருக்கும் பகுதிக்குக் குடிபோவதைப் பற்றி யோசிக்கலாம் என்றது அது. அறிவிப்பைப் படித்தவர்கள் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

சுமார் 83 ஆயிரம் மக்கள், 4,200 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. பெரும்பாலும் மலை, காடு. அவ்வளவு இடத்துக்கும் விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காவலர்கள்.

வாக்குச்சீட்டில் வரும் பில்

நம்ம ஊர் வாசகருக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். தமிழ்நாட்டில் போலீஸும் தீயணைப்பும் மாநில அரசின் துறைகள். (தீயணைப்பை நகராட்சிகளிடம் தரலாம் என்று அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணை சொல்கிறது, ஆனாலும் இங்கே அது மாநிலத் துறையாகவே தொடர்கிறது.) ஸ்டேஷனுக்கு எவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு என்று எந்தத் தேர்தலிலும் யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

அமெரிக்காவில் இது ஊருக்கு ஊர் தனி. ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள், 29,000-க்கும் அதிகமான தீயணைப்புத் துறைகள். தீயணைப்பு வீரர்களில் பெரும்பான்மையோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்பது இன்னொரு விஷயம். இவற்றில் பலவற்றுக்கும் முதுகெலும்பு உள்ளூர் சொத்து வரிதான். பல மாநிலங்களில் அந்த வரியைக் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் கூட்ட வேண்டுமென்றால் மக்களிடம் ஓட்டு கேட்டே ஆகவேண்டும்.

ஒரேகானில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் வைத்து, பேனாவால் நிரப்பி அனுப்பலாம். காவல், தீயணைப்பு போன்ற அன்றாடச் செலவுக்கான தற்காலிக வரி என்றால் அதிகபட்சம் ஐந்து ஆண்டுதான், அதன் பிறகு மறுபடி ஓட்டு. இன்னொன்றும் உண்டு. இப்படி ஒரு வரி கேட்கும்போது, இதனால் உங்கள் சொத்து வரி மூன்று சதவீதத்துக்கு மேல் உயரக்கூடும் என்ற வாசகத்தை வாக்குச்சீட்டில் அச்சிட வேண்டும். சிகரெட் பாக்கெட்டில் எச்சரிக்கை போடுவதுபோல. வேண்டாம் என்றால் ராத்திரி யாரும் வரமாட்டார்கள் என்ற எச்சரிக்கையை மட்டும் எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை.

ஆந்தையும் மரமும்

அப்படியானால் ஜோசஃபின் மக்கள் கஞ்சர்களா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம், நியாயம் இல்லை.

அந்தக் கவுன்ட்டியின் நிலத்தில் பாதிக்கும் மேல் மத்திய அரசின் காடு. மத்திய அரசு தன் நிலத்துக்குச் சொத்து வரி கட்டாது. அதற்கு ஈடாக, அந்தக் காடுகளில் வெட்டி விற்கும் மரத்தின் வருமானத்தில் கவுன்ட்டிகளுக்குப் பெரிய பங்கு என்று 1937-இல் ஒரு சட்டம் வந்தது. பல பத்தாண்டுகள் பணம் கொட்டியது. மரம் வெட்டிய காசிலேயே போலீஸ், சிறை எல்லாம் ஓடியதால், மக்களிடம் வரி கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

1990-இல் புள்ளி ஆந்தை அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. பழமையான காடுகளில் வாழும் பறவை அது. காட்டைக் காக்க வேண்டுமென்றால் வெட்டுவதைக் குறைத்தாக வேண்டும். 1994-இல் புதிய வனத் திட்டம் வந்தது. மர வருமானம் சரிந்தது.

அதே காலத்தில் ஒரேகான் வாக்காளர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். 1990-இலும் 1997-இலும் ஓட்டுப் போட்டு, மாநிலம் முழுவதும் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். எந்தக் கவுன்ட்டியின் நிரந்தர வரி விகிதம் எங்கே இருந்ததோ அங்கேயே பூட்டு விழுந்தது. மரக் காசு இருந்ததால் ஜோசஃபினின் விகிதம் அப்போது மிகக் குறைவு, 1,000 டாலருக்கு சுமார் 59 சென்ட். இன்றைக்கும் அதே 59 சென்ட்தான். வரிக் கணக்கில் 2 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்காரர் கவுன்ட்டிக்குக் கட்டுவது வருஷத்துக்கு 118 டாலர். மாதத்துக்குப் பத்து டாலர்கூட வரவில்லை. ஒரேகானில் விற்பனை வரியும் கிடையாது, அந்த வழியில் சமாளிக்கவும் முடியாது.

2000-இல் மத்திய அரசு ஈட்டுத்தொகை கொடுக்க ஒரு சட்டம் போட்டது. அது முடியப்போகிறது, இனி பணம் வராது என்று அதிகாரிகள் எச்சரிப்பார்கள். கடைசி நேரத்தில் வாஷிங்டன் நீட்டித்துவிடும். மறுபடி எச்சரிக்கை, மறுபடி நீட்டிப்பு. புலி வருது, புலி வருது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஜனங்கள், 2012-இல் நிஜமாகவே புலி வந்தபோதும் நம்பவில்லை.

வேண்டாம் என்றவர்களின் கணக்கில் வேறு நியாயங்களும் இருந்தன. கவுன்ட்டியின் தலைநகரான கிராண்ட்ஸ் பாஸ் நகரத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் உண்டு, அதற்கு நகரவாசிகள் ஏற்கெனவே வரி கட்டுகிறார்கள். ஷெரீஃபுக்கும் நாங்களே தரணுமா என்று அவர்கள் கேட்டதைத் தள்ளிவிட முடியாது. மர ஆலைகள் மூடி வேலை போன குடும்பங்கள் ஒரு பக்கம். செலவு குறைவு என்பதற்காகவே ஓய்வுக்காலத்தில் இங்கே குடிவந்த முதியவர்கள் இன்னொரு பக்கம். காட்டை வெட்டவிடாமல் பண்ணியது நீங்கதானே, நீங்களே கொடுங்க என்று மத்திய அரசு மீது கோபம் வேறு. எங்களிடம் துப்பாக்கி இருக்கு, எங்களை நாங்களே பார்த்துக்குவோம் என்றவர்களும் இருந்தார்கள். சில பகுதிகளில் மக்களே குழு அமைத்துத் தெருக்களில் ரோந்து போனார்கள்.

2013 மே மாதத்தில் விகிதத்தை 1.48 டாலராகக் குறைத்து மறுபடி கேட்டார்கள். நூலிழையில் தோல்வி. முதல் பத்தியில் சொன்ன சம்பவம் அதற்குள் நாடு முழுவதும் செய்தியாகியிருந்தது. அப்படியும் தோல்விதான். 2 லட்சம் டாலர் வீட்டுக்கு அந்த வரி மாதத்துக்கு 25 டாலர் வந்திருக்கும். 2014-இல் கேட்டார்கள், 2015-இலும் கேட்டார்கள். முடிவு மாறவில்லை.

75 டாலரும் ஒரு வீடும்

தீயணைப்பிலும் இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. டென்னசி மாநிலத்தின் ஒபியன் கவுன்ட்டிக்கு அப்போது சொந்தமாகத் தீயணைப்புத் துறை கிடையாது. சவுத் ஃபுல்டன் என்ற சின்ன நகரத்தின் துறை, நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் வரும், ஆனால் வருஷத்துக்கு 75 டாலர் சந்தா கட்டியிருக்க வேண்டும். 2010 செப்டம்பரில் சந்தா கட்டாத ஒருவரின் வீட்டில் தீப்பிடித்தது. எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், வாங்க என்று போனில் கெஞ்சினார்கள். வரவில்லை. சந்தா கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவியதும் வண்டி வந்தது, அந்த நிலத்தை மட்டும் காப்பாற்றியது. வீடு கண்ணெதிரே எரிந்து முடிந்தது. உள்ளே வளர்ப்புப் பிராணிகள் இருந்தன.

ஆக்சிடென்ட் ஆன பிறகு இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா என்று நகரத் தரப்பை ஆதரித்தவர்கள் கேட்டார்கள். கேள்வி சரிதான். கட்டாதவருக்கும் வண்டி வரும் என்றால் அடுத்த வருஷம் யார் கட்டுவார்? ஆனால் கோளாறு அந்தக் கேள்விக்கு முந்திய இடத்தில் இருக்கிறது. தீயணைப்பை யாரும் கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம் என்ற சந்தாவாக மாற்றியதே தப்பு. வீட்டு வரியோடு சேர்த்து எல்லோரிடமும் வாங்கியிருந்தால், தீயணைப்பு வீரர்கள் தண்ணீரோடு நின்றுகொண்டு எரியும் வீட்டைப் பார்க்க வேண்டி வந்திருக்காது.

ஜோசஃபினின் தவறும் அதே இடத்தில்தான். மக்களிடம் ஓட்டு கேட்பதில் குற்றமில்லை. தன் காசு எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உள்ளூர்க்காரருக்கு இருக்கத்தான் வேண்டும், அந்த உரிமை இல்லாத ஊர்களில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. ஆனால் அங்கே வாக்குச்சீட்டில் வைக்கப்பட்டது எவ்வளவு போலீஸ் என்ற கேள்வி மட்டும் அல்ல. விடிகாலை ஐந்து மணிக்குப் போலீஸ் இருக்குமா இல்லையா என்பதே. நகரத்தில் சொந்தப் போலீஸ் உள்ளவரின் ஓட்டும், இருபது மைல் தள்ளிக் காட்டோரம் தனியாக வாழும் பெண்ணின் ஓட்டும் அதில் ஒரே எடை. வேண்டாம் என்பதற்கான விலையை மட்டும் அவர் ஒருவர் கொடுத்தார்.

குறைந்தபட்சம் என்று ஒன்று ஓட்டெடுப்புக்கு வெளியே இருக்க வேண்டும். இரவும் பகலும் அழைப்புக்குப் போக ஆள், தீக்கு ஒரு வண்டி, அவ்வளவாவது. அதைக் கவுன்ட்டியால் தர முடியாவிட்டால் மாநிலம் தரட்டும், பிறகு கவுன்ட்டியிடம் வசூலிக்கட்டும். அதற்கு மேல் எத்தனை ரோந்து வண்டி, புது ஸ்டேஷன் வேண்டுமா என்பதையெல்லாம் மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம். ஒரேகான் சட்டமன்றமும் 2013-இல் இந்தத் திசையில் ஒரு அடி வைத்தது. ஒரு கவுன்ட்டியின் பாதுகாப்பு நிதி முற்றிலும் சரிந்தால், ஆளுநர் அவசரநிலை அறிவித்து அங்கே வரி விதிக்க வழி செய்தது. ஆனால் உள்ளூர்த் தலைமை சம்மதித்தால்தான். மீண்டும் ஓட்டு வாங்க வேண்டியவர்கள் எத்தனை பேர் அதில் கையெழுத்துப் போடுவார்கள்?

வரி கேட்பவர்களும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 2017 மே மாதத்தில் ஜோசஃபின் வாக்காளர்கள் கடைசியில் ஒரு வரிக்குச் சரி என்றார்கள். இந்த முறை 1,000 டாலருக்கு 93 சென்ட், 2 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷத்துக்கு 186 டாலர். பொதுவாகப் பாதுகாப்பு என்று கேட்கவில்லை. சிறைக்கும் சிறார் காப்பகத்துக்கும் மட்டும் என்று கேட்டார்கள். பிடித்துக்கொண்டு போனவன் மறுநாளே தெருவில் திரிவதை ஐந்து வருஷமாகப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, இந்தக் காசு எதை வாங்கும் என்பது புரிந்தது.

ரோந்துக் காவலர்களுக்கு அந்த 93 சென்ட்டில் பங்கு இருக்கவில்லை. அந்த வரிக்கும் நான்கு வருஷம்தான் ஆயுள் இருந்தது. ஒரு காவலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, தனியாக வண்டியில் அனுப்பவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். மிச்ச வருஷங்களில், அடுத்த வாக்குச்சீட்டு தபாலில் வருவதற்குள் நிரந்தரமான வேலை வேறு எங்காவது கிடைக்குமா என்று அவரும் தேட ஆரம்பித்துவிடுவார்.