கையெழுத்து யாருடையது?

போன வாரம் நிகழ்ச்சிக்கு ஒரு தங்கை அழைத்திருந்தார். கிள்ளான் பக்கம். அப்பாவுக்கு ஆறு லாரிகள் ஓடுகின்றன.

“அக்கா, ஏழு வருஷமா கணக்கு முழுக்க நான்தான் பார்க்கிறேன். எந்த லாரிக்கு ரோடு டாக்ஸ் எப்போ முடியுது, எந்த தவுக்கே எத்தனை மாசம் பாக்கி வெச்சிருக்காரு, எல்லாம் எனக்குத்தான் தெரியும். போன மாசம் அப்பா தம்பிய பேங்குக்குக் கூட்டிட்டுப் போயி, செக்குல கையெழுத்துப் போடற உரிமையக் கொடுத்துட்டாரு. தம்பி இன்னும் படிச்சே முடிக்கல. எனக்கும் வேணும்னு கேட்டா, பேராசைன்னு நினைப்பாங்களாக்கா?”

நான் ஏதோ சொன்னேன். “அப்பாகிட்ட மனசு விட்டுப் பேசும்மா” என்று சொன்னதாக ஞாபகம். அதற்குள் விளம்பர நேரம் வந்துவிட்டது. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும்போதுதான், அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது உறைத்தது.

அந்தப் பதில்தான் இந்த வாரப் பத்தி. ஆனால் கதை கிள்ளானில் நடந்ததல்ல. 200 ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் நடந்தது.

ஊடகத் துறையில் படித்தவர்களுக்கு லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட் ஒரு கோயில் மாதிரி. பிரிட்டனின் பெரிய நாளிதழ்கள் எல்லாம் ஒரு காலத்தில் அங்கிருந்துதான் வெளிவந்தன. நானும் அதைப் பார்க்கத்தான் போனேன். பத்திரிகைகள் எப்போதோ இடம் மாறிப் போயிருந்தன. தெருவின் முதல் எண்ணில் மட்டும் ஒரு பழைய வங்கிக் கட்டடம். ‘சைல்ட் அண்ட் கோ’. 17-ஆம் நூற்றாண்டில் பொற்கொல்லர் கடையாக வேர்விட்டு, தனியார் வங்கியாக வளர்ந்த குடும்பத் தொழில். 2022-இல் அந்தக் கிளையையும் மூடிவிட்டார்கள். அந்த வங்கியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் சாரா சோஃபியா கிடைத்தார்.

கதை ஓர் ஓட்டத்தில் தொடங்குகிறது. வங்கியின் முதலாளி ராபர்ட் சைல்டுக்கு ஒரே மகள். 1782-இல் அந்தப் பெண், வெஸ்ட்மோர்லண்ட் பிரபுவோடு ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போய்த் திருமணம் செய்துகொண்டார். அப்பா குதிரை வண்டியில் துரத்திக்கொண்டு போனார் என்றும், வழியில் துப்பாக்கி வெடித்து ஒரு குதிரை செத்தது என்றும் சொல்வார்கள். அதே ஆண்டு ராபர்ட் சைல்ட் இறந்துபோனார். ஆனால் இறப்பதற்கு முன் உயிலை மாற்றி எழுதிவிட்டார். பிரபுப் பட்டம் ஏற்கப்போகும் மூத்த பேரனுக்குச் சொத்து போகக் கூடாது. மகளின் மற்றப் பிள்ளைகளுக்குத்தான். அப்படித்தான் அது மூத்த பேத்தி சாரா சோஃபியாவிடம் வந்து சேர்ந்தது. உயில் எழுதியபோது அந்தப் பேத்தி பிறக்கவே இல்லை. பிறந்தது 1785-இல்.

ஆக, பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்று யாரும் நினைத்து நடந்ததல்ல இது. ஒரு தாத்தாவின் கோபம், அவ்வளவுதான். பாட்டி 1793-இல் இறந்தபோது, எட்டு வயதில் சாரா வாரிசானார். 1806-இல் 21 வயது நிறைந்ததும் வங்கியின் மூத்த பங்குதாரர் ஆனார். 1867 ஜனவரியில் 81 வயதில் இறக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அறுபது ஆண்டுகள்!

இடையில் 1804-லேயே அவருக்குத் திருமணம் ஆகிவிட்டது. கணவர் பின்னாளில் ஜெர்சி பிரபு ஆனவர். அன்றைய இங்கிலாந்துச் சட்டம் எப்படித் தெரியுமா? திருமணமானால் மனைவியின் பணமும் பொருளும் கணவனுடையவை. அதை மாற்ற 1870-லும் 1882-லும் தனிச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. அதுவரை வசதியான குடும்பங்கள் மட்டுமே டிரஸ்ட் பத்திரம் எழுதி மகளின் பங்கைக் காப்பாற்ற முடிந்தது. அப்படிப்பட்ட காலத்தில், வங்கியில் தனக்குள்ள உரிமையை யாரிடமும் ஒப்படைக்காமல் சாரா தானே செலுத்தினார். மற்றப் பங்குதாரர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும்கூட அவர் கையில் இருந்தது. 1819-இல் கணவர்தான் தன் பெயரோடு ‘சைல்ட்’ என்ற மனைவி குடும்பத்துப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்!

ஊருக்கு அவரை வேறு விதமாகத்தான் தெரியும். அல்மாக்ஸ் என்ற உயர்குடி நடன அரங்குக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று முடிவு செய்த சீமாட்டிகளில் ஒருவர். ஓயாமல் பேசுவார் என்பதால் ‘மௌனம்’ என்று கிண்டலாகப் பட்டப்பெயர் வைத்தார்கள். (பேசிப் பிழைக்கும் எனக்கு அவரை உடனே பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.) வாயாடி என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்தபோதும், வங்கி அவர் கையில்தான் இருந்தது.

அது அலங்காரப் பதவியும் அல்ல. அன்றைய தனியார் வங்கியில் பங்குதாரர் என்றால், வங்கி கவிழ்ந்தால் சொந்த வீடு வாசல் வரை பதில் சொல்ல வேண்டும். 1825 டிசம்பரில் இங்கிலாந்தில் பெரும் பீதி. சில வாரங்களில் 60-க்கும் மேற்பட்ட வங்கிகள் கதவை மூடின. 1866-இல் ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிதி நிறுவனமே சாய்ந்தது. சைல்ட் வங்கி இரண்டையும் தாண்டி நின்றது. எல்லாம் அவர் ஒருவரால் என்று நான் சொல்ல மாட்டேன். திறமையான மற்றப் பங்குதாரர்கள் இருந்தார்கள். ஆனால் விழுந்திருந்தால், அவருடைய வீடும் போயிருக்கும்.

இதே லண்டனில், இதே காலத்தில் இன்னொரு பெண்ணையும் பார்க்கலாம். ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ். கூட்ஸ் வங்கிக் குடும்பத்தின் பேத்தி. 1837-இல் 23 வயதில் பெரும் செல்வம் அவருக்கு வந்தது. பள்ளிகளுக்கும் ஏழைகளின் வீடுகளுக்கும் அள்ளிக் கொடுத்தார். நாடே கொண்டாடியது. ஆனால் அந்த வங்கியின் நிர்வாகத்தில் மட்டும் அவருக்கு இடமில்லை. வெளிநாட்டவரை மணந்தால் சொத்து போய்விடும் என்றும் நிபந்தனை இருந்தது. 1881-இல் அமெரிக்காவில் பிறந்தவரை மணந்தார். வருமானத்தில் ஐந்தில் மூன்று பங்கு சகோதரியிடம் போய்விட்டது.

இருவருமே வங்கிக் குடும்பத்துப் பேத்திகள், இருவருமே பணக்காரர்கள். ஒருவருக்குப் பணம் கிடைத்தது. இன்னொருவருக்கு நாற்காலியும் கிடைத்தது. வித்தியாசம் திறமையில் இல்லை. காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதில்தான்.

நம் வீடுகளில் நடப்பது மூன்றாவது வகை. மகளுக்குப் பணத்துக்குக் குறை வைக்க மாட்டோம். நகை போடுவோம், படிக்க வைப்போம், கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்போம். வேலையும் கொடுப்போம். கணக்கு எழுது, பில் போடு, வருமான வரிக்கு ஓடு. “எங்க கம்பெனியே அவதான்” என்று சொந்தக்காரர்களிடம் பெருமையும் பேசுவோம். ஆனால் கம்பெனிப் பதிவில் அவள் பெயர் இருக்காது. வங்கியில் அவள் கையெழுத்து இருக்காது. “நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ” என்ற ஒரு வரி போதும். சாராவும் இன்னொரு வீட்டுக்குப் போனவர்தான். வங்கியை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1845-இல் சாராவின் மகள் ஒருத்தியும் அதே கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போய் ஒரு ராணுவ கேப்டனை மணந்தாள். குடும்பங்கள் அப்படித்தான். நாம் போடும் திட்டப்படி பிள்ளைகள் நடப்பதில்லை. யார் நிலைப்பார்கள், யார் போவார்கள் என்று ஆணா பெண்ணா பார்த்துக் கணிக்கவும் முடியாது. ஏழு வருஷம் யார் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள் என்று வேண்டுமானால் பார்க்கலாம்.

கிள்ளான் தங்கைக்கு: அது பேராசை இல்லைம்மா. நீ தம்பியின் பங்கைக் கேட்கவில்லை. நீ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு உன் பெயரைக் கேட்கிறாய். அப்பாவிடம் மனசு விட்டுப் பேசச் சொன்னேன், அது மட்டும் போதாது. கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார். யார் யார் எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொன்றாகக் காட்டு. கடைசியில், “தம்பி கையெழுத்துக்குப் பக்கத்துல என் கையெழுத்தும் இருக்கட்டும்பா” என்று கேள். ஒரே நாளில் நடக்காமல் போகலாம். கேட்டதை எழுதியும் வை.

என்ன ஆனது என்று எனக்குச் சொல். இந்த முறை பாட்டைப் போட மாட்டேன்.