நஞ்சு உண்டா, இல்லையா? கேள்வியே போதாது!



வகுப்பில் பாம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஐயா, இது நஞ்சுள்ள பாம்பா, நஞ்சில்லாத பாம்பா?" நாமும் கரும்பலகையில் இரண்டு கட்டங்களை வரைந்து, 'நஞ்சுள்ளவை', 'நஞ்சற்றவை' என்று தலைப்பிட்டு, பெயர்களை நிரப்பச் சொல்கிறோம். கற்பிப்பதற்கு எளிது, திருத்துவதற்கு அதைவிட எளிது. ஆனால், இயற்கை நம் வசதிக்காக இரண்டே கட்டங்களில் அடங்கிக் கிடப்பதில்லை. அப்படி அடங்க மறுக்கும் ஒரு பாம்பை முன்வைத்து, ஆசிரியர்களும் பெற்றோரும் சிந்திக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மூக்கு நிமிர்ந்த நடிகன்

வட அமெரிக்காவில் ஹாக்நோஸ் என்றொரு பாம்பு வாழ்கிறது. பன்றியின் மூக்கைப் போல் அதன் மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். மணலைக் கிளறி இரை தேடுவதற்கான கருவி அது. தமிழில் பன்றிமூக்குப் பாம்பு எனலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், கனடாவின் தென்பகுதியிலும், மெக்சிகோவின் வடபகுதியிலும் இதன் இனங்கள் பரவியுள்ளன.

பகையைக் கண்டால் இது கழுத்தைத் தட்டையாக விரித்து நாகம் போல் நிற்கும், உரக்கச் சீறும், பாய்ந்து கொத்துவது போல் பாசாங்கு செய்யும். பெரும்பாலும் வாயைத் திறக்காமலே முட்டும்! அதற்கும் எதிரி அஞ்சவில்லையென்றால், மல்லாந்து விழுந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்தது போல் கிடக்கும். நாம் அதைப் புரட்டி நேராக வைத்தால், மறுபடியும் மல்லாந்துகொள்ளும். 'செத்த பாம்பு மல்லாந்துதான் கிடக்க வேண்டும்' என்று எவரோ அதற்குச் சொல்லிக் கொடுத்தது போல!

இவ்வளவு நாடகமாடும் பாம்பு எவரையும் என்ன செய்துவிடப் போகிறது என்று தோன்றும். அமெரிக்க மக்களும் நெடுங்காலம் இருவேறு வழிகளில் ஏமாந்தார்கள். சிலர் அதன் சீற்றத்தைக் கண்டு கொடிய விரியன் என்றெண்ணி அடித்துக் கொன்றார்கள். விவரம் தெரிந்த சிலரோ, 'இது நஞ்சற்றது' என்று முத்திரை குத்திவிட்டார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல.

பின்னால் இருக்கும் பல்

இப்பாம்பினத்திற்கு 1801ஆம் ஆண்டு லத்ரேய் என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர் சூட்டிய பெயர் ஹெட்டரோடான். கிரேக்க மொழியில் 'வேறுபட்ட பல்' என்று பொருள். மேல் தாடையின் பின்கோடியில் மற்றப் பற்களைவிட நீண்ட பற்கள் இதற்கு உண்டு. காற்றை நிரப்பி உடலை ஊதிப் பெருக்கிக்கொள்ளும் தேரைதான் இதன் விருப்பமான இரை. அதை நழுவ விடாமல் பற்றிக்கொள்ள அந்தப் பற்கள் உதவுகின்றன.

நாகத்தின் நச்சுப்பல் வாயின் முன்புறம் இருக்கிறது. உள்ளே துளையுடைய அந்தப் பல், மருத்துவரின் ஊசியைப் போன்றது. நச்சுப்பையைத் தசை அழுத்த, நஞ்சு ஒரே நொடியில் உடலுக்குள் பாய்ந்துவிடும். ஹாக்நோஸ் பாம்பிடம் அந்த ஊசி இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து நச்சுநீர் மெல்லக் கசிந்து, பின்பற்கள் ஏற்படுத்திய காயத்தில் இறங்குகிறது. அதற்குப் பாம்பு பற்றிய பிடியை விடாமல் மென்றுகொண்டே இருக்க வேண்டும். ஆகவே, கடித்தவுடன் விலகினால் பெரும்பாலும் கீறலோடு போகும்; பல நிமிடம் மென்றால் கதை வேறு.

அப்படி மெல்ல விட்டவர்களின் கை வீங்கியிருக்கிறது, கன்றிப் போயிருக்கிறது, கொப்புளம் கண்டிருக்கிறது. பாம்பை வளர்ப்பவர்களே பெரும்பாலும் இதற்கு ஆளானவர்கள். இரையின் வாடை வீசும் கையை இரையென்று எண்ணிப் பாம்பு கவ்விவிடுகிறது. 2019ஆம் ஆண்டு வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, இந்த இனத்தின் கடிக்குப் பிறகு ஒருவருக்கு இரத்தத் தட்டணுக்கள் குறைந்துபோனதைப் பதிவு செய்தது. டிங்கிக் காய்ச்சலால் நம் வீடுகளுக்கு நன்கு பழகிப்போன சொல் அல்லவா அது!

இதனால் ஹாக்நோஸ் கொடிய பாம்பாகிவிடுமா? ஆகாது. 'மிதமான நஞ்சு' என்பதே பொருத்தமான சொல். ஆனால், மிதம் என்பது இன்மை அன்று.

ஒரு சொல்லை நம்பியதன் விலை

'பின்பல் பாம்புதானே' என்ற அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாற்றில் ஒரு துயரச் சான்று உண்டு. கார்ல் பேட்டர்சன் ஷ்மிட், சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற பாம்பியல் அறிஞர். 1957 செப்டம்பர் 25ஆம் நாள், லிங்கன் பார்க் விலங்குத் தோட்டத்திலிருந்து அடையாளம் காண அனுப்பப்பட்ட ஓர் ஆப்பிரிக்கப் பாம்பு அவர் கட்டைவிரலைக் கடித்தது. பூம்ஸ்லாங் என்னும் பின்பல் பாம்பின் குட்டி அது. அவர் தமக்கு நேர்ந்தவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். மறுநாள் இறந்தார். பின்பல் பாம்புகளில் பூம்ஸ்லாங் கொடியது, ஹாக்நோஸ் எளியது. பல் பின்னால் இருப்பது மட்டும் எதையும் உறுதிசெய்யாது என்பதே இங்கே பாடம்.

நமக்கு அருகிலேயே இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. நீர்க்கோலிக்கு உறவான, கழுத்து சிவந்த ஒரு பாம்பு தென்கிழக்காசியாவில் வாழ்கிறது. தீபகற்ப மலேசியாவிலும் உண்டு. இதையும் ஒரு காலத்தில் தீங்கற்றது என்றே எண்ணியிருந்தார்கள். இதன் கடியால் இரத்தம் உறையாமல் போய்ச் சிலர் உயிருக்குப் போராடிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பானியப் பாம்பு ஒன்று கடித்து, 1984ஆம் ஆண்டு ஒரு பள்ளி மாணவன் உயிரிழந்தான்.

யாருக்கு, எவ்வளவு, எப்படி?

ஆகவே, மாணவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டிய கேள்வியை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. 'நஞ்சு உண்டா?' என்பதோடு நிறுத்தாமல், 'யாருக்கு நஞ்சு? எவ்வளவு? எப்படி உடலுக்குள் செல்கிறது?' என்று கேட்கப் பழக்க வேண்டும்.

'யாருக்கு?' என்ற கேள்விக்கு நம் நாட்டுச் சதுப்புநிலக் காடுகளிலேயே விடை இருக்கிறது. கருநிற உடலில் மெல்லிய மஞ்சள் வளையங்கள் கொண்ட 'ஊலார் பாக்காவ்' பாம்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இதுவும் பின்பல் பாம்புதான். இதன் நஞ்சிலுள்ள ஒரு புரதத்தை ஆராய்ந்தவர்கள், அது பறவைகளின் தசையைக் கடுமையாகத் தாக்குகிறது, எலியின் தசையில் அதன் தாக்கம் மிகக் குறைவு என்று 2006ஆம் ஆண்டு தெரிவித்தார்கள். ஒரே துளி, பறவைக்கு எமன், எலிக்கு அவ்வளவாக இல்லை! ஆனால், இதே கறுப்பு மஞ்சள் நிறத்தில் 'காத்தாங் தெபு' எனப்படும் கட்டுவிரியனும் நம் நாட்டில் உண்டு. அதன் கடி உயிரைப் பறிக்கக் கூடியது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டுபவன் என்ன ஆவான் என்று எண்ணிப் பாருங்கள்.

சில ஆசிரியர்கள் மறுப்புரைக்கக் கூடும். "சிறு பிள்ளைகளிடம் இத்தனை நுணுக்கம் எதற்கு? எல்லாப் பாம்பும் கொன்றுவிடும் என்று சொல்லிவிட்டால் அருகே போகமாட்டார்கள் அல்லவா?" அவர்களின் அக்கறையை மதிக்கிறேன், ஆயினும் உடன்பட முடியவில்லை. இன்றைய பிள்ளைகளின் கையில் திறன்பேசி இருக்கிறது. அதில் எவரோ ஒருவர் ஹாக்நோஸ் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அதைப் பார்த்த நொடியே, 'ஆசிரியர் சொன்னது பொய்' என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பொய்யின்மேல் கட்டிய எச்சரிக்கை அத்தோடு சரிந்துவிடும். அடுத்து நாம் சொல்லும் உண்மையான எச்சரிக்கையையும் அவன் நம்பமாட்டான்.

மறுபுறம், 'எல்லாம் கொல்லும்' என்ற பாடம் பாம்புகளையும் கொல்கிறது. வேலியில் தொங்கும் பச்சைப் பாம்பு கண்ணைக் குத்தும் என்று நம்பியே எத்தனை வீடுகளில் கட்டையைத் தூக்குகிறோம்! அதுவும் மிதமான நஞ்சுடைய பின்பல் பாம்புதான். அதன் தேவையெல்லாம் பல்லியும் தவளையுமே. கொடிய நாகத்திற்கு 'நல்ல பாம்பு' என்று பெயர் சூட்டியவர்கள், ஏதுமறியாத பச்சைப் பாம்புக்குக் 'கண்குத்தி' என்று பழி சூட்டியிருக்கிறோம்.

அப்படியானால் பிள்ளைக்கு என்னதான் சொல்வது? மிக எளிது. "தம்பி, பாம்புகளில் கொல்லும் நஞ்சுடையவை உண்டு, வீக்கத்தோடு விட்டுவிடுபவையும் உண்டு, நஞ்சே இல்லாதவையும் உண்டு. எது எதுவென்று பார்த்தவுடன் சொல்வது பெரிய அறிஞர்களுக்கே கடினம். அதனால் எதையும் தொடாதே; எதையும் அடிக்காதே. தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிடு." வீட்டுக்குள் புகுந்துவிட்டால் 999ஐ அழைக்கலாம், பொது தற்காப்புப் படையினரோ தீயணைப்பு மீட்புத் துறையினரோ வந்து பிடித்துச் செல்வார்கள். கடித்துவிட்டால் அறுக்கவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 'சின்னப் பாம்புதானே' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டத்தை வரைய ஒரு சுண்ணக்கட்டி போதும். 'மிதமான நஞ்சு' என்று அதற்குத் தலைப்பிடுங்கள். அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று மாணவர்கள் தங்களுக்குள் வாதிடத் தொடங்கும்போது, அறிவியல் பாடம் உண்மையிலேயே தொடங்கிவிட்டது என்று பொருள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.