பசங்க நிற்பதில்லை என்கிறீர்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மாமாக்களே, அண்ணன்மாரே,

தெற்கு ஜெர்மனியில் ஆல்ப்ஷ்டாட் என்ற சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். நம் நிட்டிங் மெஷின்களில் ஓடும் குரோஸ் பெக்கெர்ட் ஊசியின் சொந்த ஊர் இதுதான்.

ஊரில் யாருக்குப் போன் போட்டாலும் ஒரே குறை. "நம்ம பசங்க எவனும் வேலைக்கு நிக்கறதில்லீங்க. ரெண்டு நாள் வர்றான், மூணாம் நாள் போனை எடுக்கறதில்ல. வடக்கத்திப் பசங்க இல்லீன்னா கம்பெனியைப் பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதான்." உங்கள் வேதனை பொய்யில்லை. ஆனால் அந்தப் பசங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை உங்களிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதால்தான் இந்த மடல்.

நீங்கள் கைமடியாக நுழைந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை வாங்கி, நூல் வெட்டி, அடுக்கி வைக்கும் வேலை. அவர் சாப்பிட எழுந்து போனதும் அந்த மெஷினில் உட்கார்ந்து, வேஸ்ட் துணியை ஓட்டிப் பழகினீர்கள். ஓவர்லாக் கைக்கு வந்தது, பிறகு பேட்லாக். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகு வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குப் பிரிந்து போனபோது, பார்ட்னர் சேர்த்து நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! ஒன்றரை ஷிப்ட் உழைத்தாலும் நாளை நாமும் முதலாளி என்ற நம்பிக்கை கண்ணுக்கு முன்னால் நடமாடியது.

இன்றைக்கு வேலைக்கு வரும் பையன் உட்காருவது லைனில். காலையிலிருந்து இரவு வரை பனியனுக்குக் கை வைத்துத் தைப்பது மட்டுமே வேலை. தலைக்கு மேல் மணிக்கொரு டார்கெட் காட்டும் போர்டு. அவனை வேலைக்கு எடுத்தவர் நீங்கள்கூட இல்லை, கான்ட்ராக்டர். ஐந்து வருடம் கழித்தும் அவன் கை தைத்துக்கொண்டுதான் இருப்பான். நாலு மெஷினை வைத்துப் பெரிய எக்ஸ்போர்ட் ஆர்டருக்குள் நுழையவும் முடியாது. எதைப் பார்த்து அவன் நிற்க வேண்டும்?

அந்தக் காலத்தில் "யாரு வீட்டுப் பையன்" என்ற கேள்வியே போதும். சிபாரிசு சொன்ன மாமா இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பு. இன்று அந்த மாமா நடுவில் இல்லை. அதனால்தான் பிஎஃப் உண்டா, ஓவர்டைம் கட்டாயமா என்று பையன் முதல் நாளே கேட்கிறான். அது திமிர் இல்லீங்க. ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை மூன்று வருடத்துக்கு எடுத்தார்கள். முடிவில் மொத்தமாகப் பணம் என்றார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் திரும்பிய பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. அதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வாய்வார்த்தையை நம்புவார்களா?

இங்கே ஜெர்மனியிலும் பெரியவர்கள் இளசுகளைக் குறை சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் பயிற்சிக்கு எடுக்கும் பிள்ளையிடம் என்னென்ன கற்றுத் தருவோம், சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் வேலை என்று எழுத்தில் கொடுத்தாக வேண்டும். வருடா வருடம் சம்பளம் ஏறும். வேலையோடு தொழிற்பள்ளிக்கும் அனுப்ப வேண்டும். முடிக்கும்போது சான்றிதழ். இந்த ஊரிலும் ஒரு காலத்தில் வீதிக்கு வீதி பனியன் கம்பெனிகள்தான். இத்தாலி, துருக்கியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து தைத்தார்கள். தையல், கூலி மலிவான நாடுகளுக்குப் போய்விட்டது, பழைய மெஷின்கள் மியூசியத்தில் நிற்கின்றன. ஊசி செய்யும் வேலை மட்டும் இந்த ஊரை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. அது கற்றுத்தேர்ந்த கைகளை நம்பிய தொழில்.

நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டிலிருந்தே தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. வரும் ஜூனில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில், கம்பெனிக்கு இரண்டு பேரையாவது கான்ட்ராக்டர் இல்லாமல் நேரடியாக எடுங்கள். முதல் வருடம் எந்த மெஷின், இரண்டாம் வருடம் கட்டிங்கா பேட்டர்னா, சம்பளம் எப்போது எவ்வளவு ஏறும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கும் அதே தாளை அவர்கள் மொழியில் கொடுங்கள். இங்குள்ள பயிற்சித் திட்டத்தைத் தமிழில் எழுதி அனுப்புவது என் பொறுப்பு. யாருக்கு வேண்டுமோ சொல்லியனுப்புங்கள்.