எட்டு எழுத்தைக் காணவில்லை

ஸ்டார் வார்ஸ் படங்களில் கடைப்பலகை, விண்கலத்தின் திரை, கிடங்குக் கதவு என்று கண்ட இடத்திலெல்லாம் கட்டம் கட்டமாக ஒரு எழுத்து தெரியுமே, அதற்கு ஆரபெஷ் என்று பெயர். அதில் மொத்தம் 34 எழுத்துகள். படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் 26ஐ மட்டும்தான் தொடுகிறார்கள். மீதி எட்டு எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. டிடிபி கடை வைத்துப் பிழைக்கிற நான் கேட்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் ஒரு கால் விடுபட்டாலே எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறார்கள். எட்டு எழுத்து போனால் சும்மா இருக்க முடியுமா?

1977இல் முதல் படம் வந்தபோது ஆரபெஷ் என்று ஒன்று கிடையாது. டெத் ஸ்டார் என்ற போர் நிலையத்துக்குள் ஓபி-வான் கெனோபி இழுவிசைக் கற்றையை நிறுத்தப் போகிறாரே, அந்தப் பொறியின் மேல் அப்பட்டமாக ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது. 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்துக்காக, திரைகளில் ஓடவிடுவதற்கென்று ஜோ ஜான்ஸ்டன் சில வடிவங்களை வரைந்தார். அது வெறும் ஜோடனை, படிப்பதற்கு அல்ல. பத்து வருஷம் கழித்து ஸ்டீபன் கிரேன் அந்த வடிவங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒலியும் கொடுத்து, வரிசைப்படுத்தினார். அவர் எழுதியது வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனத்துக்கு. ஸ்டார் வார்ஸ் உலகை வைத்து மேசை விளையாட்டுப் புத்தகங்கள் போட 1987 முதல் அவர்களுக்கு உரிமை இருந்தது. 1994இல் வந்த ஒரு விளையாட்டுக் கையேட்டில் ஆரபெஷ் முழு அட்டவணையாக வெளியாயிற்று. முதல் இரண்டு எழுத்து ஆரெக், பெஷ். இரண்டையும் சேர்த்ததுதான் பெயர்.

விளையாட்டுக்காரர்களுக்கு என்று செய்ததைப் பட நிறுவனமே எடுத்துக்கொண்டது. 1999இல் வந்த படத்தில் சிறுவன் அனாகினின் விமானத் திரையில் ஆரபெஷ் ஓடுகிறது. 2004இல் டிவிடி போட்டபோது பழைய படத்துக்கே திரும்பிப் போய், அந்தப் பொறியில் இருந்த ஆங்கிலத்தை அழித்து ஆரபெஷை ஒட்டினார்கள். அச்சாகி வெளியே போன பிரதியில் பிறகு கைவைப்பது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை. அவர்கள் தொழிலில் அதற்கும் பூஜை போடுகிறார்கள், போகட்டும். ஆனால் எக்ஸ்-விங், ஒய்-விங் என்று போர் விமானங்களுக்கு ஆங்கில எழுத்தின் வடிவத்தை வைத்துப் பெயர் சூட்டியிருந்தார்களே, அதை அழிக்க முடியவில்லை. அந்த அண்டத்தில் இன்னொரு எழுத்துமுறையும் உண்டு என்று பின்னால் வந்த புத்தகங்கள் கதைகட்டிச் சமாளித்தன.

இப்போது அந்த 26க்கு வருவோம். அது ஆங்கிலத்துக்குப் போட்ட முகமூடிதான். கிரெஷ், கிரில், கெக் என்று மூன்று எழுத்து இருக்கிறது. ஆங்கிலத்தின் சி, கே, க்யூ மூன்றுக்கும் ஆளுக்கு ஒன்று. யாராவது புதிதாக உட்கார்ந்து எழுத்து செய்தால் 'க' என்ற ஒரு ஒலிக்கு மூன்று வடிவம் செய்து வைப்பார்களா? லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த பழைய மூட்டை அது. அதை அவிழ்த்துக்கூடப் பார்க்காமல் வேறொரு அண்டத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். 'க்ஸ்' என்று இரண்டு ஒலி சேர்ந்த எக்ஸுக்கும் அங்கே தனி எழுத்து உண்டு.

அந்த எட்டு அப்படியல்ல. ஆங்கிலம் இரண்டு எழுத்தைக் கூட்டி எழுதுகிற ச், ஷ், த் ஆகியவற்றுக்கு ஆரபெஷில் செரெக், ஷென், தெஷ் என்று ஒற்றை எழுத்து இருக்கிறது. என், ஜி இரண்டையும் சேர்த்து ஆங்கிலம் சமாளிக்கிற ஒலிக்கு நென் என்று ஒன்று. நம் ங்-தான் அது. 'ஊ'வுக்கு ஒன்று. இன்னும் மூன்று உண்டு. கிரேன் எழுத்துக்கூட்டலை மறந்துவிட்டு வாயைக் கவனித்த இடம் இந்த எட்டுதான். ஆரபெஷுக்கு என்று சொந்தமாக ஒரு புத்தி இருக்கிறதென்றால் அது இங்கேதான் இருக்கிறது. இதையும் கழித்துவிட்டால் மிச்சம் ஆங்கிலம், சட்டையை மாற்றிக்கொண்ட ஆங்கிலம்.

காணாமல் போன காரணம் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டாலும் தெரியும். ஃபான்ட். ஏ பித்தானைத் தட்டினால் ஆரெக், பி தட்டினால் பெஷ். பித்தான் 26, எழுத்தும் 26. அவசரத்தில் இருக்கிறவர் ஆங்கில வாக்கியத்தை மளமளவென்று அடித்து, ஃபான்டை மாற்றிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார். மீதி எட்டு எங்கோ மூலையில் கிடக்கும், தேடினால்தான் கிடைக்கும்.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் 'அம்மா' வரும். கோப்புக்குள்ளே இருப்பதென்னவோ அந்த ஆங்கில எழுத்துகள்தான். ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் அம்மா மறைந்து கிறுக்கல் தெரியும். ஆரபெஷ் ஃபான்டும் அதே ஜாதி. ஆனால் ஒரு வித்தியாசம். பாமினி செய்தவர்கள் தமிழை 26 பித்தானுக்குள் அடக்கிவிட்டு மற்றதைக் கைகழுவவில்லை. அரைப்புள்ளியைப் பிடித்தார்கள், அடைப்புக்குறியைப் பிடித்தார்கள், அதிலும் அடங்காததற்கு ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண் தட்டவைத்தார்கள். அந்த எண்களை நாங்கள் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருப்போம். எப்போதோ வருகிற ங-வுக்குக்கூட க்யூ பித்தானைக் கொடுத்தார்கள். இடமில்லை என்று எந்த எழுத்தையும் தெருவில் விடவில்லை.

போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் கடைக்கு வந்தான். தங்கை சங்கீதாவின் பிறந்தநாளுக்கு அவள் பெயரை ஆரபெஷில் ஸ்டிக்கராக அடிக்க வேண்டுமாம். ஃபான்டும் கையோடு கொண்டுவந்திருந்தான். ஆங்கிலக் கணக்கில் அடித்தால் அந்தப் பெயருக்கு ஒன்பது எழுத்து. நென், தெஷ் இரண்டையும் போட்டால் ஏழு. "இதுல ங்-குக்கும் த்-துக்கும் தனி எழுத்தே இருக்கு தம்பி" என்றேன். "இருக்கட்டும்க்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். இரண்டு விதமாகவும் அடித்துக் கொடுத்தேன். ஏழெழுத்துத்தான் வட்டத்துக்குள் பாங்காக உட்கார்ந்தது.

ஆங்கிலத்தின் முகமூடியாக இருந்ததால்தானே ஆரபெஷ் இவ்வளவு பரவிற்று என்று கேட்பீர்கள். அது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஸ்டார் டிரெக்கின் கிளிங்கானைப் பாருங்கள். மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் இலக்கணத்தோடு உருவாக்கிய முழு மொழி. 1985இல் அகராதியே வந்துவிட்டது. அதற்கும் அழகான எழுத்து உண்டு. யூனிகோடில் சேர்க்கச் சொல்லி 1997இல் முன்மொழிந்தார்கள். 2001இல் தள்ளிவிட்டார்கள். கிளிங்கான் எழுதுகிறவர்களே அதை ரோமன் எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது முக்கியமான காரணம். மொழியே இல்லாத ஆரபெஷோ 2019இல் டிஸ்னியின் ஸ்டார் வார்ஸ் பூங்காவுக்குள் கோகோ கோலா பாட்டிலில் ஏறிவிட்டது. உருண்டையான அந்த பாட்டில் கையெறிகுண்டு மாதிரி இருக்கிறது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை அதை விமானத்தில் ஏற்றவிடாமல் முதலில் தடுத்து, பிறகு இறங்கிவந்தது தனிக்கதை. ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ள முடிகிற எழுத்துக்குத்தான் கூட்டம் சேரும், சரி. 26 கற்றவன் இன்னும் எட்டைக் கற்க மாட்டானா? பூங்காவில் பலகையைப் படித்துச் சொல்லச் செயலியே கொடுத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் கொஞ்சம் திணறினால் என்ன, வேற்றுக் கிரகத்துக்குத்தானே போயிருக்கிறோம்.

அந்த எட்டையும் கொண்டுவரத் தடையும் இல்லை. இன்று யூனிகோடில் க-வை அடித்து உகரத்தை அடித்தால் ஃபான்டே இரண்டையும் சேர்த்து கு ஆக்குகிறதல்லவா? அதே மாதிரி, டி-யும் எச்-சும் அடுத்தடுத்து வந்தால் தெஷ் ஆகட்டும், என்-னும் ஜி-யும் வந்தால் நென் ஆகட்டும் என்று ஃபான்டுக்குள்ளேயே விதி எழுதிவிடலாம். தட்டுகிறவருக்கு ஒரு பித்தான்கூடக் கூடுதல் வேலை கிடையாது.

ஒரு சிக்கல் மட்டும் வரும். 'லைட்ஹவுஸ்' என்று அடித்தால் அதில் டி-யும் எச்-சும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஆனால் அவை இரண்டும் தனித்தனி ஒலி. விதி அது தெரியாமல் ஒட்டிவைத்துவிடும். அந்த மாதிரி இடங்களைப் பிரித்துவிட ஒரு ஆள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். அத்தனை கோடி கொட்டிப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு மெய்ப்புத் திருத்துநரை வைப்பது பெரிய செலவா? பக்கக் கணக்கில் கூலி கொடுத்தால் போதும், நானே பார்த்துத் தருகிறேன்.