கன்றுகளை வேனிலேயே விடுங்கள்

ராமநாதபுரத்துக் கடலோரக் கிராமங்களுக்கு மரம் நட வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன். ஒரே நிற டீசர்ட், வேன் நிறையக் கன்றுகள், ஒரு பேனர், தலைக்கு மேலே ட்ரோன். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாக் கன்றும் மண்ணுக்குள் போய்விடும். சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டால், "ஊர்க்காரங்க பாத்துக்குவாங்க" என்பார்கள். குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊர் இது. குழி தோண்டியவர் தன்னார்வலர். அதே குடத்திலிருந்து கன்றுக்கும் ஊற்றுகிற பெண் வெறும் ஊர்க்காரி.

"மரம் நடுறதும் தப்பாங்க?" என்று சண்டைக்கு வருவீர்கள். எதை, எங்கே என்றுதான் கேட்கிறேன். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். பங்குனி ஆமை முட்டையிடத் தேடி வருவது திறந்த மணலை. சவுக்கு நிழலையும் அதன் சருகு மெத்தையையும் அல்ல. அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பவை அடும்பும் ராவணன் மீசையும். சங்கப் பாட்டில் அடும்பைக் கண்டால் உருகுகிறோம். கரையில் கண்டால் களை என்று பிடுங்கிவிட்டுக் குழி தோண்டுகிறோம். இலக்கிய வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு.

கண்மாய்ப் பக்கம் வேறொரு கூத்து. சீமைக் கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று ஜேசிபியோடு இறங்குகிறார்கள். அது தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் காஞ்சிரங்குளம் கண்மாயில் கொக்கு, நாரைகள் கூடு கட்டுவது நாட்டுக் கருவேலத்தில். அதுவும் முள், இதுவும் முள். ஜேசிபிக்கு வித்தியாசம் தெரியுமா? 2022ல் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பாராட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். அதுவரை அந்தப் பறவைகளைக் கல்லெறியாமல் விட்டுவைத்தது யார்?

என் கணக்கில் தன்னார்வலர் என்பவர் தனக்குரிய ஒன்றை விட்டுக்கொடுப்பவர். வேட்டங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1977ல் அது பறவைகள் சரணாலயமானபோது பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது, இப்போது சிவகங்கை. பறவைகள் மிரளும் என்பதற்காக அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே! அவர்கள் விட்டுக்கொடுத்ததை எந்த ட்ரோனும் படம் எடுக்க முடியாது.

இன்னும் பெரிய விலை கொடுத்தவர்கள் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். அம்மா, பாட்டி காலத்துத் தொழில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ல் கடல் தேசியப் பூங்காவாயின. அதற்குப் பிறகு இவர்கள் பழகிய தீவுகளிலேயே அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பாசி அழிகிறதே என்று கடலை அறிந்த அந்தப் பெண்கள் கூடிப் பேசினார்கள். நிலவைக் கணக்கு வைத்து மாதம் 12 நாள் மட்டும் இறங்குவது, மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி 45 நாள் அறவே நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். கடலுக்குப் போகாத நாளில் காசில்லை என்பது தெரிந்தே எடுத்த முடிவு. அவர்களை முன்னின்று நடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015ல் அமெரிக்காவிலிருந்து சீகாலஜி விருது வந்தது. நம் ஊர்ப் பசுமை விழா மேடைகளில் அவர் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. சினிமா நடிகர் மரம் நட்டால் மட்டும் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

பாதுகாப்பு என்றால் வெளியிலிருந்து வந்து எதையாவது செய்வது என்று நாம் பழகிவிட்டோம். அதிகாரிகளுக்கு அது வசதி, எண்ணிக்கை காட்டலாம். மாதத்தில் 18 நாள் ஒருத்தி கடலில் இறங்காமல் இருந்ததை எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்?

வராதீர்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள். கன்றுகளை வேனிலேயே விட்டுவிட்டு, பாசி எடுத்துக் கரையேறுகிற அக்காக்களிடம் கேளுங்கள்: இந்தக் கரையில் எந்த மாதம் எதைத் தொடக்கூடாது? அவர்கள் சொல்லி முடிக்க ஒரு முழு மத்தியானம் ஆகும்.