பாவு யாருடையது?

தறியை அறியாதார் ஆரணியில் இல்லை. பாவு நீளவாட்டில் நிற்கும். ஊடை குறுக்கே ஓடும். ஒன்றன் இடத்தை மற்றொன்று பறித்தால் பட்டு ஏது? சிக்கல்தான் மிஞ்சும்! கூட்டாட்சியும் அத்தகைய நெசவே.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஒன்றியத்திற்கு 97, மாநிலத்திற்கு 66, இருவர்க்கும் பொதுவாக 47 என அதிகாரங்களை வகுத்தது. எஞ்சியவையும் தில்லிக்கே! அந்தப் பங்கீட்டிலும் கல்வி மாநிலத்திடமே இருந்தது.

பறிபோனது எப்போது? 1976இல்! நெருக்கடி நிலையின்போது, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் வாடிய வேளையில், 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு இழுத்துச் சென்றது. 1978இன் 44ஆவது திருத்தம் பல தீங்குகளைத் துடைத்தது. கல்வியோ வீடு திரும்பவில்லை.

"பொதுவில்தானே இருக்கிறது, பொருமுவானேன்?" என்பர் சிலர். 254ஆவது பிரிவைப் புரட்டிப் பார்க்கட்டும்! இரு சட்டங்கள் மோதினால் ஒன்றியச் சட்டமே வெல்லும். மாநிலச் சட்டம் பிழைக்கக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நுழைவுத் தேர்வை ஒழித்த நம் சட்டத்திற்கு 2007இல் ஒப்புதல் கிடைத்தது. நீட் விலக்குக் கோரி 2021இல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பியனுப்ப, 2022இல் மீண்டும் நிறைவேற்றிய சட்டமுன்வடிவுக்கோ ஒப்புதல் மறுக்கப்பட்டது. மன்றம் அதே, மக்கள் அதே, மாறியது தில்லியின் மனம்! பிறர் இசைந்தால் வாழும், இசையாவிடில் மாளும் ஒன்றைச் சலுகை என்பதன்றோ சரி?

"தரம் கெடுமே!" என்று அஞ்சுவோரும் உளர். உயர்கல்வித் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 66ஆவது இனமாகத் தொடக்கம் முதலே உள்ளதே! அதன்மேலும் ஆரணியின் தொடக்கப்பள்ளி வரை கை நீளுவானேன்? "ஒற்றுமை குலையுமே!" என்போர் கனடாவைக் காண்க. அங்கே 1867 முதல் கல்வி மாகாணங்களின் உரிமை, நாடு சிதறிவிடவில்லை.

நான் ஆசிரியன். என்முன் அமர்ந்திருப்போர் தறிக்குழியில் பாடுபடுவோரின் செல்வங்கள். அவர்தம் கல்வி குறித்து, பெற்றோர் வாக்களித்து அமைத்த சட்டமன்றம் முடிவெடுத்தால், அது தவறும்போது அடுத்த தேர்தலில் தட்டிக் கேட்கலாம். தில்லி தவறினால் தமிழ்நாட்டின் 39 உறுப்பினரைக் கொண்டு என் செய்வது?

இராசமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் இயற்றியது. 2025இல் குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழு அமைந்தது. அறிக்கைகள் அலமாரியில் உறங்கலாம், இளைஞர் உறங்கலாமா? தோழர்களே! படிப்பகந்தோறும் ஏழாம் அட்டவணையைப் படியுங்கள், விளக்குங்கள், வாதிடுங்கள்! எடுத்துச் சென்ற பாவைத் தறிக்குரியவன் திருப்பிக் கேட்கிறான், தந்தே தீரவேண்டும்!