தொலை மருத்துவமும் எளியோரும்

பிணியுற்றார் வைத்தியரை நாடிச் செல்லுதல் பண்டை வழக்கு. வைத்தியர் சொல் பிணியாளர் இல்லத்தை நாடி வருதல் இக்காலத்துப் புதுமை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பெருந்தொற்றின் நடுவே, இந்திய அரசாங்கத்தார் தொலை மருத்துவத்திற்குரிய நெறிமுறைகளை வெளியிட்டனர். அடுத்த மாதமே இ-சஞ்சீவனிச் சேவை இல்லந்தோறும் பயன்படுமாறு விரிக்கப்பட்டது. இவற்றால் விளைந்த நன்மையை நாம் மறுப்பேமல்லேம். ஆயினும் அந்நன்மை யாவர்க்கும் எய்துகின்றதா என்பதே நமது வினா.

கண்ணொளி இழந்தார்க்குத் திரையின் பொத்தான் புலப்படாது. செவிப்புலன் குன்றினார்க்குத் தொலைபேசிக் குரல் பயன்படாது. எழுத்தறியா மூதாட்டிக்குக் கைப்பேசியில் வரும் கடவுச்சொல் வெறுங்கோடேயாகும். மருத்துவம் மிகுதியும் வேண்டுவோர் முதியோரும் வறியோருமேயன்றோ? "கருவியை வாங்கிப் பழகிக்கொள்க" என்பாருமுளர். காய்ச்சலில் கிடப்பார்க்கு அது பாடங்கற்கும் வேளையோ?

இதற்கு வழி நம் நாட்டிலேயே உளது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் சிற்றூர்களை அடுத்துப் பார்வை மையங்களை நிறுவியுள்ளனர். பயிற்சி பெற்ற பணியாளர் ஆங்கு கண்ணைச் சோதித்து, படங்களையும் குறிப்புகளையும் அனுப்புவர். தலைமை மருத்துவமனையிலுள்ள வைத்தியர் அவற்றைக் கண்டு பிணியாளரோடு உரையாடுவர். பிணியாளர்க்குக் கைப்பேசியும் வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. இ-சஞ்சீவனியிலும் சுகாதார நிலையத்துப் பணியாளர் துணையுடன் வைத்தியரைக் காணும் வழி 2019-ஆம் ஆண்டு நவம்பர் முதல் உளது. எளியோர்க்கு ஏற்றது இவ்வழியே. இதனைப் பெருக்குதல் வேண்டும்.

மேற்கூறிய நெறிமுறைகள் காட்சி, குரல், எழுத்து ஆகிய மூன்றையும் ஒப்புகின்றன. ஆகவே காட்சி உரையாடலொன்றையே வற்புறுத்துதல் தகாது. செவிப்புலன் குன்றினார்க்குச் சைகைமொழி வல்லாரும், பார்வையற்றார்க்குத் திரையை வாசித்துரைக்கும் வசதியும், நேரில் வருவார்க்குத் திறந்த வாயிலும் இருத்தல் வேண்டும். இவை கருணையால் ஈயப்படுவன அல்ல. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

நம் மாணாக்கர்க்கும் இதிற் பங்குண்டு. விடுமுறையில் ஊர் செல்லுங்கால், அயல்வீட்டு முதியோர் வைத்தியரோடு உரையாட உடனிருந்து உதவலாம். அவர் விரும்பின் மட்டுமே உடனிருத்தலும், கேட்ட பிணிச்செய்தியைப் பிறர்க்கு உரையாமையும் அவ்வுதவியின் அறமாம். எழுத்தறியா மூதாட்டியும் தன் நோயைத் தன் சொல்லால் வைத்தியரிடம் உரைத்து, மறுமொழி பெறும் நாளே இப்புதுமை நிறைவெய்தும் நாளென்பது நம் துணிபு.